மூன்றில் ஒரு பங்கும் முழு உரிமையும்

ஊர் என்பது வீடுகளின் கூட்டம் மட்டுமன்று. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட வெளியும் ஊரே ஆகும். தெருவும் வாய்க்காலும், குழாயடியும் கழிப்பிடமும், பிள்ளைகள் விளையாடும் வெற்றிடமும் முதியோர் அமரும் திண்ணையும் சேர்ந்ததே வாழ்விடம். தமக்கென ஒரு வீடு கட்டும் எளிய மனிதரும் கொத்தனாரை அழைத்து, ‘இங்கே வாசல், அங்கே சன்னல், அடுப்படி இந்தப் பக்கம்’ என்று தம் விருப்பத்தைச் சொல்லியே கட்டுகிறார். அவரே தம் வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் கருத்துச் சொல்லும் உரிமையற்றவராகிவிடுகிறார். தெருவின் மட்டம் எவ்வளவு, வாய்க்கால் எத்திசையில் ஓடவேண்டும், விளக்குக் கம்பம் எங்கே நிற்கவேண்டும் என்பவற்றை அவரிடம் கேட்பார் எவருமிலர். பணம் கேட்கும்போது மட்டும் அவர் ‘பொதுமக்கள்’ ஆகிறார். இந்நிலை மாறுதற்குரிய வழியொன்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமக்கு நாமே

பொதுப்பணிகளில் மக்களும் பங்கேற்கவேண்டும் என்னும் கருத்து நம் மாநிலத்துக்குப் புதியதன்று. 1997-98-ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘நமக்கு நாமே’ திட்டத்தைத் தொடங்கிற்று. 2011-12-இல் அதே நோக்கம் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்னும் பெயரில் தொடர்ந்தது. 2021-22-இல் பழைய பெயரே மீண்டும் வழக்கிற்கு வந்தது. பெயர் மாறினும் அடிப்படை மாறவில்லை. பணியின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தரவேண்டும். எஞ்சியதை அரசு தரும். ஊரகப் பகுதிகளில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மிகுதியாக வாழும் ஊர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் எனத் தளர்வும் செய்யப்பட்டது. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், சமுதாயக் கூடம், பூங்கா, குளம் தூர்வாருதல் எனப் பல பணிகள் இத்திட்டத்தால் நடந்தேறின. இதன் நன்மையை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும், இத்திட்டம் நடைபெறும் முறையைச் சற்றே கூர்ந்து நோக்குதல் வேண்டும். மக்கள் விண்ணப்பம் தருகின்றனர், உள்ளாட்சியின் பொறியாளர் மதிப்பீடு செய்கிறார், மாவட்ட ஆட்சியர் நிருவாக ஒப்புதல் வழங்குகிறார், ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது, பணி நடைபெறுகிறது. இவ்வரிசையில் மக்கள் கூடி அமர்ந்து, ‘நமக்கு வேண்டுவது இது, இதனை இவ்வாறு அமைத்தல் நலம்’ என்று வரைந்து பார்க்கும் படிநிலை எதுவும் இல்லை. மக்களின் பங்களிப்பு பாதிக்கு மேற்பட்டால் பணியை அவர்களே மேற்கொள்ளலாம் என்றொரு வழிவகை உண்டு. அதன் உட்பொருள் யாது? மிகுதியாகத் தருவோருக்கு மிகுதியான உரிமை என்பதேயன்றோ? மூன்றில் ஒரு பங்கைத் திரட்டவே திணறும் தெருவுக்கு வரைவிலும் பங்கில்லை, செயலிலும் பங்கில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வாய்க்கால் ஒன்றுக்கு மதிப்பீடு 9 இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். மக்களின் பங்கு 3 இலட்சம். தெருவில் 60 வீடுகள் இருப்பின் வீட்டுக்கு 5,000 ரூபாய். மாதச் சம்பளக்காரர் வாழும் புறநகர்க் குடியிருப்பில் இதனை ஒரு மாலைப் பொழுதில் பேசி முடித்துவிடலாம். அங்கே ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரேனும் குடியிருப்பார். விண்ணப்பம் எழுதவும், அளவெடுக்கவும், அலுவலகத்தில் பேசவும் அவர் துணை நிற்பார். நாட்கூலியை நம்பி வாழும் தெருவிலோ பணமும் அரிது, அளவெடுப்பாரும் அரிது. பணக்குறையைக் கருதி அரசு தளர்வு தந்ததைக் கண்டோம். அறிவுத்துணையின் குறையை நிரப்பத்தான் எவ்வித ஏற்பாடும் இல்லை. நம் கருத்தில் இவ்விரண்டனுள் பெரிய குறை பின்னதே.

நம் நகரின் நிலை

திண்டுக்கல் 1866-இல் நகராட்சியான தொன்மையுடையது, 2014-இல் மாநகராட்சியாயிற்று, 48 வார்டுகளைக் கொண்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை இரண்டு இலட்சத்துக்கு மேல். நகருக்குப் பெயர் தந்த பாறையும் அதன்மீது நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டையும் நடுவே நிற்க, பேகம்பூர், நாகல்நகர் முதலிய பழைய குடியிருப்புகள் நெருங்கிச் சூழ்ந்துள்ளன. பூட்டும் தோலும் கைத்தறியும் நகருக்குப் புகழ் தந்த தொழில்கள். அவற்றுள் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. அதன் கழிவுநீர் சுற்றுவட்டாரக் கிணறுகள் பலவற்றை உவர்ப்பாக்கியது. நீர் அருமை நம் நகரின் நெடுநாள் துன்பம். ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்தை அண்ணாந்து நோக்கிக் கோடையைக் கழித்த தலைமுறைகள் இங்கே உண்டு.

நீர் அரிதாகிய நகரில் மழைநீர் வழிந்தோடும் பாதைக்கு எத்துணைக் கருத்துச் செலுத்தியிருக்கவேண்டும்? நடப்பதோ வேறு. பழைய சாலையின் மேல் புதிய சாலையை இட்டு இட்டுத் தெரு உயர்ந்துவிடுகிறது. வீடு பள்ளத்தில் நிற்கிறது. ஒரு நாள் மழைக்கே தெருநீர் வாசற்படி ஏறி வருகிறது. இஃது ஓரூரின் துன்பமன்று. பழைய மேற்பரப்பைச் சுரண்டியெடுத்த பின்னரே புதிய சாலை இடவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழகத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்த நேர்ந்ததிலிருந்து இதன் பரப்பை உணரலாம். சாலை இடுவதற்கு முன் அத்தெருவினரைக் கூட்டி மட்டத்தைக் காட்டியிருந்தால், ‘எங்கள் வாசற்படி இதற்குக் கீழே போய்விடுமே’ என்று எழுத்தறியாத மூதாட்டியும் சொல்லியிருப்பார். அவ்வொரு சொல்லைக் கேளாமையால் விளையும் செலவு பெரிது. மக்கள் மண் நிரப்பித் தளம் உயர்த்தவேண்டும். இயலாதவர் நீரில் நிற்கவேண்டும்.

பழமையில் ஒரு பாடம்

பொதுப்பணியில் மக்கள் கைகோப்பது தமிழ்நிலத்தின் பழமரபு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குமாறு குடபுலவியனார் அறிவுறுத்தியதைப் புறநானூற்றால் அறிகிறோம். பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்னும் குழுக்களைத் தேர்ந்த முறையை விரிவாகக் கூறுகின்றன. அவ்வாரியங்களில் நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே இடம் இருந்தது. எளியோர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. எனவே அதனை அப்படியே போற்றி மீட்டெடுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஏரியைப் பற்றிய முடிவு ஏரியின் கரையிலேயே எடுக்கப்பட்டது என்னும் ஒன்றை மட்டும் நாம் கொள்ளலாம்.

இதற்கு மாறான பாடமும் நம் வரலாற்றில் உண்டு. ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் தம் உழைப்பால் செப்பனிட்டுவந்த வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கில ஆட்சி 1858-ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டமொன்றை இயற்றி, அவ்வழக்கத்தை ஆணையாக மாற்ற முயன்றது. நீரைப் பற்றிய அதிகாரம் அரசின் கைக்குப் போயிற்று. உழைப்பு மட்டும் குடிகளின் தலையில் நின்றது. முடிவு செய்யும் உரிமை போன பின் உழைக்கும் ஆர்வம் எவ்வாறு நிலைக்கும்? காலப்போக்கில் குடிமராமத்து நலிந்தது. 2017-இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஏரிச் சீரமைப்பைத் தொடங்கியபோது, பணியை ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடமே ஒப்படைக்க முனைந்தது இப்பாடத்தை ஓரளவு உணர்ந்ததன் அடையாளம் எனலாம். உரிமையின்றிப் பெறப்படும் பங்களிப்பு நாளடைவில் வரியாகவே தோன்றும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி.

கராச்சியில் ஒரு சேரி

இனி, பணத்தினும் வரைவே முதன்மை என்பதை மெய்ப்பித்த ஊரொன்றைக் காண்போம். கராச்சி நகரின் ஓரத்தில் ஒராங்கி என்னும் பெருங்குடியிருப்பு உள்ளது. 1980-இல் அங்கே அக்தர் ஹமீது கான் என்னும் பெரியார் ‘ஒராங்கி முன்னோடித் திட்டம்’ என்பதைத் தொடங்கினார். ஆக்ராவில் பிறந்து, ஐ.சி.எஸ். பதவியைத் துறந்து, வங்கத்துக் கொமில்லாவில் ஊரக மேம்பாட்டுப் பணியாற்றிப் புகழ் பெற்றவர் அவர். ஒராங்கியின் சந்துகளில் கழிவுநீர் தேங்கி நின்றது. அரசு ஒருநாள் இலவசமாகச் செய்து தரும் என மக்கள் காத்திருந்தனர்.

மக்களைத் தடுப்பவை நான்கு எனக் கான் கண்டறிந்தார். அரசுதான் செய்யவேண்டும் என்னும் எண்ணம் முதலாவது. ஒப்பந்தக்காரர் கேட்கும் செலவு தாங்கவொண்ணாதது என்பது இரண்டாவது. செய்யும் முறை தெரியாமை மூன்றாவது. கூடிச் செயலாற்றும் அமைப்பின்மை நான்காவது. இவற்றுக்கு ஏற்ப அவர் வகுத்த வழி வியப்புக்குரியது. குழாய் பதிக்க அவர் ஒரு காசும் கொடுத்தாரில்லை. இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சந்தினை ஓர் அலகாகக் கொண்டார். சந்தினர் தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுப்பர். திட்டத்தின் தொழில்நுட்பர் வந்து மட்டம் பார்த்து, வரைபடம் வரைந்து, செலவுக் கணக்கிட்டு அவரிடம் தருவர். கருவிகளையும் இரவலாக அளிப்பர். பணத்தைத் திரட்டுவதும் செலவிடுவதும் சந்தினரின் பொறுப்பு. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், அதனை அடுத்த இணைப்பு வாய்க்கால் ஆகிய மூன்றும் மக்களின் பணி. பெருங்கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பணி எனப் பகுத்தனர். காலப்போக்கில் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் இவ்வாறு கழிவுநீர் வசதி பெற்றன.

கல்லூரியாகிய நாம் கருதத்தக்க செய்தி ஒன்றும் இதில் உண்டு. ஒராங்கியின் சந்துகளை அளந்து வரைபடமாக்கியதில் கராச்சிக் கல்லூரி மாணவர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. அங்குள்ள தாவூத் பொறியியல் கல்லூரியில் கட்டடக் கலை பயின்ற பர்வீன் ரஹ்மான் என்னும் அம்மையார் இத்திட்டத்தில் சேர்ந்து பின்னர் அதன் தலைமையை ஏற்றார். அவர் 2013-ஆம் ஆண்டு மார்ச்சு 13 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். எளியோர் வாழும் நிலத்தை வரைபடத்தில் பதிவது எத்துணை ஆற்றல் வாய்ந்த செயல் என்பதும், அதனை விரும்பாதார் உளர் என்பதும் அவர்தம் வாழ்வால் விளங்கும்.

அண்டை ஊர்களில்

ஒராங்கி தொலைவில் இருப்பது என எண்ணுவோர், அந்நாளில் சென்னையை அடுத்த தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூரைக் காணலாம். 1996-க்குப் பின் அந்நகராட்சி, பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையை மக்களிடம் கேட்டது. மக்கள் தந்தனர். தந்ததற்குக் காரணம் உண்டு. நகர்மன்றத்தார் முதலில் கருத்துக் கணிப்பு நடத்தினர். குடியிருப்போர் நலச்சங்கங்களைத் தேடிச் சென்று பேசினர். திட்டத்தை வகுப்பதற்கும் தகுதியான தொழில்நுட்பத் துணை கிடைத்தது. நம்பிக்கை முன்னே வந்தது; பணம் பின்னே வந்தது.

கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினர். பணம் வந்த பின்னர்தான் அதனைச் செவ்வனே வரைந்து திட்டமிட ஆளில்லாமை தெரிந்தது. உடனே ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் வல்லுநர்களையும் அழைத்துத் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்களை அமைத்தனர். ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர். வரைவறிவும் ஒரு வளமே. அதனையும் பங்கிட்டுத் தரவேண்டும் என்பதைக் கேரளம் விரைந்து உணர்ந்தது.

நாம் வேண்டுவது

இவற்றால் நாம் பெறும் முடிவு இதுவே. கட்டுவதற்குத் தரும் மானியத்துக்கு முன்னர், வரைவதற்கென ஒரு சிறு மானியம் தரப்படல் வேண்டும். அதனை ‘வரைவு மானியம்’ எனலாம். பணி மதிப்பில் நூற்றுக்கு மூன்று ரூபாய் போதும் என்பது நம் எண்ணம். 9 இலட்ச ரூபாய் வாய்க்காலுக்கு இது 27,000 ரூபாய். அளவெடுக்கவும், வரையவும், இரண்டு மூன்று முறை தெருவினரைக் கூட்டிப் பேசவும், மாற்றி வரையவும் இத்தொகை உதவும். மக்கள்பங்கு தரவியலாத தெருக்களுக்கே இது முதலில் செல்லவேண்டும்.

இதனைப் பெறுவதற்குரிய அமைப்பைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கே வார்டுக் குழுவைக் கட்டாயமாக்கியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி திண்டுக்கல் அவ்வெண்ணை எட்டவில்லை. ஆயினும் தமிழகத்தில் 2022-இல் வார்டுக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், நகரப் பகுதிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. ஊரகத்துக்குக் கிராம சபை எவ்வாறோ, நகரத்துக்குப் பகுதி சபை அவ்வாறு. கூட்டம் கூடிக் குறைகளைச் சொல்லிக் கலைவதோடு நின்றால் இச்சபைகள் விரைவில் ஆளின்றிப் போகும். அவற்றின் கையில் ஒரு வரைபடமும் அதனைத் திருத்தும் உரிமையும் இருந்தால் மக்கள் வருவர். பெண்கள் கட்டாயம் வருவர். குழாயடியில் நிற்போரும், தேங்கிய நீரைத் தாண்டிப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோரும் அவர்களே ஆதலின்.

மறுப்புரைகள் சில எழலாம். ‘பொதுமக்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது’ என்பர். தெரியவேண்டியதில்லை. பொறியாளர் குழாயின் விட்டத்தை அறிவார். எந்த மூலையில் நீர் தேங்கும் என்பதைத் தெருவினர் அறிவர். இரண்டும் கூடினாலன்றி நல்ல வரைவு பிறவாது. ‘காகிதத்துக்குச் செலவிட்ட பணம் வீண்’ என்பர். தவறாக இட்ட வாய்க்காலை உடைத்து மீண்டும் இடும் செலவை நோக்க, இது மிகச் சிறிது. ‘வரைபடம் மட்டும் வந்து கட்டடம் வராவிடின் மக்கள் வெறுப்படைவர்’ என்பர். இம்மறுப்பு வலுவுடையது. ஆகவே, சபை ஏற்றுக்கொண்ட வரைவுக்கு அடுத்த நிதியாண்டில் முன்னுரிமை தரவேண்டும் என விதியிலேயே எழுதிவிடுதல் இன்றியமையாதது. தொகை முழுவதையும் ஒரே தவணையில் தராமல், சபை கூடிய பின் ஒரு பங்கும் வரைவு ஏற்கப்பட்ட பின் மறுபங்குமாகத் தந்தால் இடைத்தரகரின் கையும் கட்டப்படும்.

தமிழ்த்துறைக்கு என்ன வேலை?

வாய்க்காலுக்கும் தமிழ்த்துறைக்கும் என்ன தொடர்பு என மாணவர் சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. 1956-இலேயே தமிழ்நாட்டுக்கு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. எனினும் பொறியியல் மதிப்பீடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், குறுக்கெழுத்துகளும் எண்களும் நிறைந்து, தெருவினர் படிக்கவியலாத வடிவில் உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. ஆவணம் கைக்கு வந்தும் பொருள் விளங்காவிடின் அவ்வுரிமையால் பயன் என்ன? ஒரு தெருவின் மதிப்பீட்டை இரண்டு பக்கத் தமிழில் எழுதித் தருவதும், சபையில் பேசியதைப் பிழையின்றிக் குறிப்பேட்டில் பதிவதும் தமிழ் கற்றோர்க்குரிய பணிகளே. இலக்கணம் கற்றதன் பயன் தேர்வுத் தாளோடு முடிவதன்று.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கியது. அதில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். புல் செதுக்குவதும் சுண்ணாம்பு அடிப்பதும் குறைந்த பணிகள் அல்ல. அவற்றோடு, ஒரு தெருவை அளந்து, வீடுகளையும் வாய்க்காலையும் நீர் தேங்கும் இடங்களையும் குறித்து ஒரு படம் வரைந்து தருவதையும் சேர்த்துக்கொள்ளலாம். காந்திகிராமம் நம் அண்டையிலேயே உள்ளது. மாணவர் ஊர்களில் தங்கி மக்களோடு கற்கும் மரபினை அந்நிறுவனம் வளர்த்துள்ளது. அதன் துணையும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளின் துணையும் கிடைப்பின், ஆண்டுக்கு ஒரு வார்டினையேனும் வரைந்து முடித்தல் இயலும்.

பள்ளிவாசல் ஜமாஅத்தாரும், கோயில் கமிட்டியாரும், தேவாலயப் பங்கினரும் தத்தம் தலத்துக்கு நிதி திரட்டிக் கணக்கெழுதி ஒப்படைப்பதில் தேர்ந்தவர்கள். அத்தேர்ச்சியைத் தெருவுக்கும் பயன்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு பெரும்சுமையாகாது. ஒரு தெருவின் வாய்க்கால் எல்லார் வாசலையும் தொட்டே ஓடுகிறது. அதற்கென ஒரே மேசையில் அமர்வதும் எல்லார்க்கும் எளிதே.

பங்கு கேட்கும் அரசு உரிமையையும் பகிர்ந்தளித்தல் வேண்டும். மூன்றில் ஒரு பங்கைத் தருவோர் முழுவதையும் அறியவும், வரைவைக் காணவும், ‘இதை மாற்றுக’ எனச் சொல்லவும் உரியவர் ஆவர். தரவே இயலாதவர்க்கும் அவ்வுரிமை உண்டு. அவர்களும் அத்தெருவில் வாழ்பவர் ஆதலின். மாநகராட்சி தன் வரவு செலவுத் திட்டத்தில் வரைவு மானியத்துக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி, ஐந்து வார்டுகளிலேனும் தொடங்கிப் பார்க்கட்டும். கல்லூரிகள் அளவு நாடாவோடும் குறிப்பேட்டோடும் முன்வரட்டும். ஆவன செய்வோமாக.